கில்ஃபோர்ட் கிரசென்ட் வீடும் யாழ்ப்பாணத்து ஓவியர்களும்

1943ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 29ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. கொழும்பு 7, கில்ஃபோர்ட் கிரசென்ட்டில் இருந்த லயனல் வென்ட் என்பாரின் இல்லத்தில் ஓவியர் சிலர் கூடினர். உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. முந்திய ஆண்டு ஏப்ரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசியிருந்தன. அத்தகைய வேளையில் ஓவியம் பற்றிப் பேசுவதற்கென்று சிலர் கூடினார்கள் என்பதே வியப்புக்குரியது. தாம் வரைபவற்றைத் தமக்குள் காட்டிக்கொள்ளவும், ஒன்றாகக் காட்சிக்கு வைக்கவும் ஓர் அமைப்பு வேண்டும் என்று அன்று அவர்கள் முடிவு செய்தனர். பெயருக்காக அதிகம் சிரமப்படவில்லை. ஆண்டின் இலக்கத்தையே எடுத்து '43 குழு' என்று வைத்துக்கொண்டனர். ஹரி பீரிஸ் செயலாளரானார்.

இலங்கையின் நவீன ஓவிய வரலாறு இந்தக் கூட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது என்று ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. தமிழில் அதைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சிலவே. ஆனால் இக்குழுவின் தொடக்க உறுப்பினர்களின் பெயர்களை வரிசையாக வாசித்துச் செல்லும் தமிழ் வாசகர் ஒருவர் ஓரிடத்தில் நின்றுவிடுவார். லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜெஃப்ரி பீலிங், ஜோர்ஜ் கிளாசன், ஒப்ரி கொலெற், ரிச்சட் கேப்ரியல், மஞ்சுஸ்ரீ தேரர் ஆகிய பெயர்களோடு எஸ். ஆர். கனகசபை என்னும் பெயரும் அங்கே காணப்படுகிறது.

யார் இந்தக் கனகசபை? கொழும்பில் இக்குழு தோன்றுவதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 1938இல், யாழ்ப்பாணத்தில் ஓவியர்களை ஒன்றுகூட்டி 'வின்சர் ஓவியக் கழகம்' என்ற அமைப்பைத் தொடக்கியவர். வடபகுதியில் சித்திர வித்தியாதரிசியாகக் கடமையாற்றியவர். கொழும்பின் கூட்டம் உலகறிந்ததாயிற்று. யாழ்ப்பாணத்துக் கூட்டத்தின் பெயரோ நம்மவர்களுக்கே தெரியாமற் போயிற்று. இது எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு கூட்டங்களுக்கும் பொதுவான ஒரு பெயர் உண்டு. அது சார்ள்ஸ் ஃப்ரீகுரோவ் வின்சர். போலந்தின் வார்சோ நகரில் பிறந்த இவர் 1920களில் இலங்கைக் கல்வித் திணைக்களத்தின் பிரதம சித்திர வித்தியாதரிசியாக இருந்தார். அவர் வந்தபோது நமது பாடசாலைகளில் சித்திரம் என்பது பார்த்து வரைவதாகவே இருந்தது. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு சாடியை வரைவார், அல்லது இங்கிலாந்திலிருந்து வந்த அச்சுப்படம் ஒன்றைத் தொங்கவிடுவார். மாணவர் அதை அப்படியே பிரதி செய்வர். பிசகாமல் பிரதி செய்பவனுக்கு அதிக புள்ளி. வின்சர் இம்முறையை மாற்ற முயன்றார். பிள்ளை தன் கண்ணால் கண்டதையும் மனத்தால் எண்ணியதையும் வரையட்டும் என்றார். வளர்ந்த ஓவியர்களையும் அவ்வாறே தூண்டினார். கீற்றும் பீலிங்கும் தெரணியகலவும் அவருடைய ஊக்கம் பெற்றவர்கள். அவருக்குப் பின் பீலிங் அப்பதவிக்கு வந்தார்.

திணைக்களத்தின் இந்தப் பிணைப்பு கவனிக்கத்தக்கது. கொழும்பு ஓவியருக்கும் யாழ்ப்பாணத்து ஓவியருக்கும் இடையே நட்போ கலைக் கொள்கையோ பாலமாகும் முன்னர், வித்தியாதரிசிகளின் உத்தியோகம் பாலமாயிற்று. வட்டாரம் வட்டாரமாகப் பாடசாலைகளுக்குச் சென்று சித்திரப் பாடத்தைப் பரிசோதிப்பவருக்கு, எந்தப் பள்ளியில் எந்த ஆசிரியரின் கை நல்ல கை என்பது தெரியும். கனகசபை அத்தகைய கைகளை ஒன்று சேர்த்தார். கழகத்துக்கு வின்சரின் பெயரையே இட்டார். வின்சர் 1940இல் காலமானார். அவர் மாற்றிவிட்டுச் சென்ற கொழும்பு அவர் பெயரைச் சொல்லாதிருக்க, யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் அவர் வாழும்போதே அதைத் தம் கழகத்தின் பெயராக்கிக் கொண்டனர் என்பது எனக்கு எப்போதும் இனிப்பான செய்தி.

இனிக் கொழும்புக்கு வருவோம். அங்கே இலங்கைக் கலைச் சங்கம் என்ற பழைய நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இருந்து வந்தது. ஆண்டுதோறும் கண்காட்சி வைக்கும். அதன் தலைமக்களுள் ஒருவரான முதலியார் ஏ. சி. ஜி. எஸ். அமரசேகர திறமைசாலி. விக்டோரியா காலத்து ஆங்கில ஓவியர்களின் முறையில், ஒளியும் நிழலும் பிசகாமல், உள்ளதை உள்ளவாறு தீட்டுபவர். அந்தச் சங்கத்தின் நடுவர்களுக்கு உருவத்தைச் சிதைத்து வரைபவர்களைப் பிடிக்காது. கீற்றின் தடித்த கோடுகளையும் தெரணியகலவின் திருகிய முகங்களையும் அவர்கள் ஓவியம் என்றே ஒப்பவில்லை. ஆகவே, எங்கள் படங்களை நாங்களே தெரிவு செய்வோம், நாங்களே காட்டுவோம் என்ற எண்ணம் மெல்ல வலுப்பெற்றது.

இதற்கு நடுவில் நின்றவர் வென்ட். 1900 டிசம்பர் 3இல் பிறந்தவர். சட்டம் படித்தவர், அதைவிடப் பியானோ வாசிப்பதில் வல்லவர், பின்னர் புகைப்படக்கலையில் உலகத்தரம் எய்தியவர். பஸில் ரைட் இயக்கிய 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்தில் ஒலிக்கும் குரல் அவருடையதே. சிலி நாட்டின் கவி பப்லோ நெருடா 1929-30இல் கொன்சலாகக் கொழும்பில் இருந்தபோது வெள்ளவத்தைக் கடற்கரையோரம் வாழ்ந்தார் என்பதை வாசகர் பலர் அறிவர். அந்தத் தனிமை வாழ்க்கையில் அவருக்கு நூல்களும் நட்பும் தந்தவர் வென்ட் என்பதை நெருடாவின் நினைவுக் குறிப்புகளே சொல்கின்றன. பணமும், பரந்த வாசிப்பும், பொறாமையற்ற மனமும் ஒரே ஆளிடம் சேர்வது அரிது. வென்ட்டிடம் மூன்றும் இருந்தன. நல்ல ஓவியன் ஒருவனைக் கண்டால் அவனுடைய படத்தைத் தானே வாங்குவார். பிறரையும் வாங்கச் செய்வார்.

குழுவில் சேர்ந்தோர் ஒரே பாணிக்காரர் அல்லர். கொள்கைப் பிரகடனம் எதுவும் அவர்கள் வெளியிடவுமில்லை. கீற்றுக்கு அப்போது 42 வயது. பொரளை கோதமி விகாரையின் சுவர்களில் புத்தசரிதத்தைத் தீட்டி முடித்துப் புகழோடு இருந்தார். கேப்ரியலுக்கோ வயது 19. ஹரி பீரிஸ் லண்டனிலும் பாரிஸிலும் பயின்று சாந்திநிகேதனில் கற்பித்துத் திரும்பியவர், செல்வக் குடும்பத்தவர். கிளாசன் எவரிடமும் பயிலாது தானாகக் கற்றுக்கொண்டவர். மஞ்சுஸ்ரீ காவியுடுத்த பௌத்த துறவி. ஊர் ஊராகப் பழைய விகாரைகளுக்குச் சென்று, உதிர்ந்துகொண்டிருந்த சுவரோவியங்களைத் தம் கையாற் பிரதி செய்து வந்தவர். 1949இல் துறவைத் துறந்தார். 1979இல் மக்சேசே விருது பெற்றார். அவர் பிரதி செய்திராவிடில் அந்த ஓவியங்களுட் சில எப்படியிருந்தன என்பதே இன்று தெரியாது. பறங்கியரும் சிங்களவரும் தமிழரும், துறவியும் சட்டத்தரணியும் பாடசாலை ஆசிரியரும் ஒரே அறையில் அமர்ந்து ஒருவர் படத்தை மற்றவர் பார்த்தனர். பின்னாளில் இந்த நாட்டில் இத்தகைய அறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன என்பதை நினைத்துத்தான் இவ்வரிகளை எழுதுகிறேன்.

பத்திரிகைக்காரன் என்ற முறையில் ஒப்ரி கொலெற் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் அப்பால் செல்ல மனமில்லை. குழுவின் தொடக்கத்தில் இருபதுகளில் இருந்த இவ்விளைஞரின் பெயர் நிலைத்தது கேலிச்சித்திரத்தால். சுதந்திரத்துக்குப் பிந்திய அரசியல்வாதிகளில் அவர் கோட்டுக்குத் தப்பியோர் குறைவு. ஒருவருடைய மூக்கையோ வயிற்றையோ சற்று நீட்டிவிடுவது கேலிச்சித்திரம் அன்று. எதை நீட்டுவது என்று அறிவதே கேலிச்சித்திரம். அந்த அறிவு அவருக்கு இருந்தது. பின்னர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து, அங்கும் பத்திரிகைகளுக்கு வரைந்து, 1992இல் காலமானார். ஆயிலோவியம் தீட்டுவோர் செய்திப்பத்திரிகைக்கு வரைபவனைத் தங்களோடு சமமாக இருத்தியது 43 குழுவின் பெருந்தன்மைகளில் ஒன்று. நமது தமிழ்ப் பத்திரிகை உலகில் சித்திரக்காரருக்கு இருந்த இடம் வேறு. ஆசிரிய பீடத்தின் ஒரு மூலையில் அவருக்கு ஒரு மேசை. மாலையில் கதையின் சுருக்கத்தைச் சொல்லி, இரவுக்குள் படம் கேட்போம். படம் புளொக் செய்யப் போகும். அச்சாகி முடிந்தபின் மூலப்படம் எங்கே போயிற்று என்று கேட்டவர் எவருமில்லை.

43 குழுவின் முதற் கண்காட்சி அதே ஆண்டு நவம்பரில் நடந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 19இல் வென்ட் திடீரெனக் காலமானார். வயது 44. அவர் எடுத்த புகைப்படங்களின் நெகடிவ்கள் அவர் மறைவின் பின் அழிக்கப்பட்டன. ஆயினும் எஞ்சிய பிரதிகளிலிருந்து 1950இல் 'லயனல் வென்ட்ஸ் சிலோன்' என்ற நூல் வெளிவந்தது. அவர் வீடு நின்ற நிலத்தில் 1953இல் அவர் பெயரால் அரங்கு எழுந்தது. ஓவியக் காட்சிக்கூடமும் அமைந்தது. கொழும்பில் தமிழ் நாடகங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு 'லயனல் வென்ட்' என்பது ஓர் ஆளின் பெயர் என்பதைவிட ஒரு மண்டபத்தின் பெயராகவே பழகிவிட்டது. குழுவினரின் படங்கள் 1952இல் லண்டனிலும் 1953இல் பாரிஸிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஜோன் பேர்ஜர் போன்ற விமர்சகர்கள் அவற்றைப் பற்றி எழுதினார்கள். கிளாசனும் ஐவன் பீரிஸும் இங்கிலாந்தில் குடியேறினர். குழு மெல்லத் தளர்ந்தது. தொடக்க உறுப்பினர்களில் இளையவரான கேப்ரியல் 2016இல் மறைந்தார்.

குழு தளர்ந்தும் படங்கள் தளரவில்லை. அதற்குக் காரணம் ஹரி பீரிஸ். பார்ன்ஸ் பிளேசில் இருந்த தம் வீட்டில் நண்பர்களின் படங்களை அவர் சேர்த்து வைத்தார். 1974இல் சபுமல் மன்றம் என்ற பெயரில் அதை ஓர் அறநிலையம் ஆக்கினார். 1988இல் அவர் இறந்த பின்னரும் அந்த வீடு ஓவியங்களின் வீடாகவே நிலைத்தது. தாழ்ந்த ஓட்டுக் கூரை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திறக்கும் அறைகள், சுவரெல்லாம் படங்கள். கீற்றும் தெரணியகலவும் ஐவனும் அங்கே அயலவர் போலத் தொங்குகின்றனர். பிள்ளையற்ற ஒருவர் தம் வீட்டை நண்பர்களின் கைவேலைக்கு எழுதி வைத்ததால், 43 குழு என்பது வெறும் பெயராகாமல் கண்ணாற் காணக்கூடிய பொருளாக இன்றும் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் வென்ட்டும் இல்லை, ஹரி பீரிஸும் இல்லை. வின்சர் ஓவியக் கழகத்தாரில் பெரும்பாலோர் பாடசாலைச் சித்திர ஆசிரியர்கள். மாதச் சம்பளக்காரர். தம் படங்களைத் தாமே வாங்கிச் சேர்க்கும் வசதி எவருக்கும் இல்லை. நிலக்காட்சி, உருவப்படம், அசைவற்ற பொருள்கள் என்பனவே அவர்கள் விரும்பித் தீட்டியவை. பனங்கூடல், கடலேரி, கோவில் வீதி, வீட்டுப் பெரியவர் முகம். கொழும்பில் கீற் பிக்காசோவையும் சிகிரியாவையும் ஒரு கோட்டில் இணைக்க முயன்ற அதே ஆண்டுகளில், இங்கே இயற்பண்பு வாதமே மேலோங்கியிருந்தது. இதைக் கொண்டு நம்மவரைப் பின்தங்கியோர் என்று ஒதுக்கும் விமர்சகரும் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தெய்வப்படக் காலண்டர்களையும் ரவிவர்மா அச்சுப் படங்களையும் தவிர வேறெதையும் சுவரில் மாட்டாத ஒரு சமூகத்தில், தன் ஊர்ப் பனையும் தன் ஊர் முதியவளும் ஓவியத்துக்கு உரிய பொருள் என்று சொன்னதே ஒரு பெரிய மாற்றம். அதைச் சொன்னவர்கள் இந்த ஆசிரியர்கள்.

கனகசபை இரு கூட்டத்திலும் இருந்தார் என்பது இங்கேதான் முக்கியமாகிறது. கொழும்பின் புதுமைச் செய்தி யாழ்ப்பாணத்துக்குத் தெரியாமலிருக்கவில்லை. தெரிந்தே தம் வழியை அவர்கள் தெரிந்துகொண்டார்கள் என்றே நான் கருதுகிறேன். படம் வாங்கும் செல்வந்தர் வட்டம் கொழும்பில் இருந்தது. யாழ்ப்பாணத்து ஓவியனுக்கு இருந்த வட்டம் வகுப்பறை. வகுப்பறைக்குத் தக்கது எதுவோ அது வளர்ந்தது.

1950களின் நடுப்பகுதியோடு வின்சர் கழகம் ஓய்ந்தது. அதன் பின் 'விடுமுறைக்கால ஓவியர் கழகம்' என்ற ஒன்று தோன்றிற்று. பெயரே செய்தியைச் சொல்கிறது. பாடசாலை விடுமுறையில்தான் ஆசிரியருக்கு ஓவியனாக இருக்க நேரம் கிடைக்கும். ஓவியர் பெனடிக்ற் அதில் கற்பித்தார். அங்கே பயின்றவர்களுள் ஒருவர் குருநகரைச் சேர்ந்த அ. மாற்கு.

1933இல் பிறந்த மாற்கு நமது நவீன ஓவியத்தில் தனித்து நிற்பவர். பெனடிக்ற்றிடம் இயற்பண்பு முறையைக் கற்று, அதிலிருந்து வெளியேறி, உருவங்களைக் கோடுகளாகவும் தளங்களாகவும் உடைத்து மீளக் கட்டியவர். அதைவிடப் பெரிது, அவர் கற்பித்த முறை. எண்பதுகளில், யுத்தத்தின் நடுவே, இளைஞரும் இளம்பெண்களும் அவரிடம் ஓவியம் பயில வந்தனர். பின்னாளில் பெண்ணிலை நோக்கில் ஓவியம் தீட்டி மட்டக்களப்பில் இயங்கிய வாசுகி ஜெயசங்கர் அவர்களுள் ஒருவர். 1987இல் மாற்குவைச் சிறப்பித்து 'தேடலும் படைப்புலகமும்' என்ற நூல் வெளியாயிற்று. ஈழத்து ஓவியர் ஒருவரை மையமாக வைத்து இவ்வாறு ஒரு நூல் தமிழில் வந்தது எழுத்தாளர்களின் முயற்சியால் என்பதையும் சொல்ல வேண்டும். ஓவியரும் எழுத்தாளரும் அப்போது ஒரே திண்ணையில் இருந்தனர்.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தது. மழையில், தென்மராட்சி நோக்கி. அன்று எதை எடுத்துச் சென்றோம் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். உறுதி, பிறப்புப் பத்திரம், நகை, ஒரு சோடி உடுப்பு, பிள்ளைக்குப் பால்மா. ஆறடி ஓவியத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு செம்மணி கடந்தவர் உண்டா? மாற்குவின் ஓவியங்களில் பெரும்பகுதி இத்தகைய இடப்பெயர்வுகளில் அழிந்தது. 2000இல் அவர் காலமானார். வின்சர் கழகத்தாரின் படங்களுக்கோ இத்தகைய கணக்குக் கூட இல்லை. அவை வாங்குவோர் இல்லாமையால் உறவினர் வீடுகளிலும் மாணவர் வீடுகளிலும் பாடசாலை மண்டபங்களிலும் தொங்கியவை. வீடுகளுக்குக் கூரை போயிற்று, மண்டபங்கள் முகாம்களாயின.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அந்த இழப்பை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் அச்சிட்ட நூலுக்கு எங்கோ இன்னொரு பிரதி இருக்கக்கூடும். நூலகம் நிறுவனத்தினர் 2005 முதல் இணையத்தில் ஏற்றிவரும் நூல்களும் சஞ்சிகைகளும் அவ்வாறு எங்கெங்கோ தப்பிய பிரதிகளே. ஓவியத்துக்கு இரண்டாம் பிரதி இல்லை. அது தொங்கிய சுவர் விழுந்தால் அது விழுந்தது.

ஓவியர் த. சனாதனன் 2011இல் வெளியிட்ட 'இன்கம்ப்ளீற் தோம்பு' என்ற நூலை இவ்விடத்தில் நினைக்கிறேன். இடம்பெயர்ந்த மக்களிடம் அவர்கள் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரையச் சொல்லிச் சேர்த்த படங்கள் அதில் உள்ளன. கிணறு இங்கே, சாமி அறை அங்கே, மாமரம் பின்வளவில் என்று, வரையத் தெரியாத கைகள் வரைந்த கோடுகள். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். இந்த வீட்டின் விறாந்தைச் சுவரில் என்ன படம் தொங்கியது? தாத்தாவின் உருவப்படத்தை வரைந்த சித்திர வாத்தியார் யார்?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் இன்று யாழ்ப்பாணத்தில் மட்டும் இல்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் எழுபதும் எண்பதும் கடந்து இருக்கிறார்கள். ஐம்பதுகளில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் படித்தவர்கள். அவர்களுடைய சித்திர ஆசிரியர் வின்சர் கழகத்தவராக இருந்திருக்கலாம். சிலர் வீட்டில் பாட்டனாரின் உருவப்படம் ஒன்று, சட்டம் கழற்றிச் சுருட்டப்பட்டு, கடல் கடந்து வந்து அலுமாரியில் கிடக்கக்கூடும். குடும்பத்தார் அதைப் பாட்டனாருக்காக வைத்திருப்பார்கள், வரைந்தவருக்காக அன்று.

அத்தகைய படம் உங்கள் வீட்டில் இருப்பின், கீழ் மூலையில் வலப்பக்கமும் இடப்பக்கமும் பாருங்கள். கையொப்பம் பெரும்பாலும் ஆங்கில முதலெழுத்துகளில், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களோடு இருக்கும். பின்புறத்தையும் பாருங்கள். பகல் வெளிச்சத்தில், கண்ணாடியைக் கழற்றி, ஒரு புகைப்படம் எடுங்கள். யாருடைய உருவம், எந்த ஊர், எந்தப் பாடசாலை ஆசிரியர் வரைந்தது என்பவற்றை வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். எண்ணெய் தடவித் துடைக்க வேண்டாம். நம் வீடுகளில் பல படங்கள் அந்த அன்பினாலேயே கெட்டன.